ஒரே நடுக்கத்துக்கு மூன்று எண்கள்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். கடலடி நிலநடுக்கத்துக்கு முதலில் 5.6 என்றார்கள், அரை மணி கழித்து 5.3 என்றார்கள், இன்னொரு மையம் 5.4 என்கிறது, யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். மூன்றும் வெவ்வேறு கணக்குகள். எதை எதற்கு நம்புவது என்பதுதான் விஷயம். ஆனால் 0.3 என்பதைச் சில்லறையாக நினைத்துவிடாதே. அலைவீச்சில் அது இரண்டு மடங்கு, வெளிவந்த ஆற்றலில் ஏறத்தாழ 2.8 மடங்கு.

‘ரிக்டர் அளவுகோலில் பதிவானது’ என்று நாளிதழ்கள் இன்னும் எழுதுகின்றன. அப்படி ஒரு கருவி எங்கும் இல்லை. 1935இல் சார்லஸ் ரிக்டர் தந்தது ஒரு கணக்கு. வுட்-ஆண்டர்சன் நிலநடுக்கமானி 100 கிலோமீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர் வீச்சுக்குக் கோடு வரைந்தால் அந்த நடுக்கம் 3. 10 மில்லிமீட்டர் என்றால் 4. தொலைவு மாறினால் திருத்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். வில்லங்கம் அங்கேதான். அது தெற்குக் கலிஃபோர்னியாவின் பாறைக்குப் போட்ட அட்டவணை. கடலடி வழியாக வரும் அலை வேறு விதமாகத் தேயும். இன்னொன்று, அந்தக் கருவி அதிர்வை 2800 மடங்கு பெருக்குகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். பிறகு சரிபார்த்ததில் அது 2080 அளவுக்குத்தான் வந்தது. இன்றைய டிஜிட்டல் பதிவிலிருந்து அந்தக் கோட்டைக் கணக்கிடுபவர் இரண்டில் எதை எடுத்தார் என்பதிலேயே 0.13 வித்தியாசம் வந்துவிடும்.

கடலில் நடந்தால் சிக்கல் இன்னும் கூடும். முதலில் வந்து சேரும் பி அலைக்கும் பின்னால் வரும் எஸ் அலைக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் வரும். 20 நொடி என்றால் 160. ஆனால் நிலையங்களெல்லாம் கரையில், ஒரே பக்கம் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அந்தத் தொலைவில் வரையும் வட்டங்கள் ஒன்றையொன்று தெளிவாக வெட்டாமல் உரசிக்கொண்டு போகும். மேல்மையம், அதாவது நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர்மேலே உள்ள புள்ளி, கடல்பக்கமாக எளிதில் நழுவும். ஆழம் இன்னும் மோசம். மேல்மையத்துக்கு அருகே நிலையம் இல்லாவிட்டால், ஆழத்தைக் கூட்டி நடுக்கம் கொஞ்சம் முன்னதாகவே நடந்ததாக வைத்தாலும் கணக்குப் பொருந்திவிடும். அதனால் 10 கிலோமீட்டர் என்று நிறுத்தி வைத்துவிடுவார்கள். அறிக்கையில் ஆழம் சரியாக 10 என்று கண்டால் பெரும்பாலும் அது அளந்ததல்ல.

தொலைநிலையங்களில், தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்து ஆழம் சொல்லலாம். கடலில் அதிலும் ஒரு பொறி. அலையின் ஒரு பகுதி கடலடியில் திரும்பாமல் நீருக்குள் ஏறி, நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும். ஒலி நீரில் நொடிக்கு 1.5 கிலோமீட்டர் போகும். 3 கிலோமீட்டர் ஆழக் கடலென்றால் 4 நொடி கூடுதல். இரண்டாவது எதிரொலியை முதலாவதென்று குறித்துவிட்டால் ஆழம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தவறிப்போகும்.

என்னைக் கேட்டால், பொறுத்திருந்து மொமென்ட் அளவைப் பார் என்பேன். 1979இல் ஹாங்க்ஸும் கனமோரியும் முன்வைத்தது. பாறையின் விறைப்பு, பிளவின் பரப்பு, நழுவிய தூரம் மூன்றையும் பெருக்குவதுதான் அடிப்படை. 6 கிலோமீட்டருக்கு 6 கிலோமீட்டர் பிளவு 20 சென்டிமீட்டர் நழுவியதாக வைத்துக்கொள். விறைப்பு 30 கிகாபாஸ்கல். பெருக்கினால் 2.16 × 10¹⁷ நியூட்டன் மீட்டர். அதன் மடக்கை 17.33. அதிலிருந்து 9.1 கழித்து, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 5.5. நடைமுறையில் பிளவை யாரும் போய் அளப்பதில்லை. நீண்ட அலைகளைக் கணினியில் வரைந்து பதிவோடு பொருத்துகிறார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். முதல் எண் மாறுவது அதனால்தான். நடுக்கம் 5க்குக் கீழே போனால், கடலலைகள் ஓயாமல் எழுப்பும் 5 முதல் 10 நொடி இரைச்சலில் இந்த அலைகள் அமுங்கிவிடும். அப்போது பெரும்பாலும் ரிக்டருடையது போன்ற பழைய அளவுகளே கதி.

பெரிய நடுக்கத்தில் நிலைமை தலைகீழ். பழைய அளவுகள் ஒரு வரம்புக்கு மேல் ஏறாது. 2004 டிசம்பர் 26இல் முதலில் 8.0 என்று வந்தது கடைசியில் 9.1 ஆனது உனக்கு நினைவிருக்கும்.

ஆழிப்பேரலை பற்றியும் கேட்டிருந்தாய். 5.5இல் கடலடி சென்டிமீட்டர் கணக்கில்தான் அசையும், நீரைத் தூக்க அது போதாது. கடலடிச் சரிவு சரிந்தால் கதை வேறு. 1998இல் பப்புவா நியூ கினியில் 7.0 அளவு நடுக்கத்துக்குப் பிறகு அவ்வளவு உயர அலை எழுந்ததற்குச் சரிவுதான் காரணம் என்கிறார்கள்.

அடுத்த அறிக்கை வந்தால் எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதே. எந்த அளவு முறை, எத்தனை நிலையங்கள், நிலையமே இல்லாத திசைக்கோணம் எத்தனை பாகை என்பதையும் சேர்த்து எழுது. அந்தக் கோணம் 180ஐத் தாண்டியிருந்தால் மேல்மையத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்.

அன்புடன்,
ரகு