அரிஃப்ஜான் முகாமுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லப்படாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய கிழக்கிலுள்ள அமெரிக்கப் படைத்தளங்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையைக் கவனமாக வாசித்தேன். குவைத்தின் அரிஃப்ஜான் முகாம் குறித்து அதில் கூறப்பட்டவை பயனுள்ளவையே. ஆயினும் அந்த முகாமில் சோறாக்குபவர், உடுப்புக் கழுவுபவர், களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குபவர் யார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறையாகப் பட்டது. அவர்களிலே நமது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளும் அடங்குவர். எனது இளைய சகோதரரும் அங்கு பணிபுரிந்தவர்.

1990 ஆகஸ்ட் 2ஆந் திகதி ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் இருந்தனர். அவர்களில் பலர் பாலைவனத்தைக் கடந்து, ஜோர்தானின் கூடாரங்களில் காத்துக்கிடந்து, உடுத்த உடுப்போடு ஊர் திரும்பியதை நமது ஊர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். குவைத் மீட்கப்பட்ட பின், 1991 செப்டெம்பரில் அந்நாடு அமெரிக்காவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியாகவே அமெரிக்கப் படை அங்கு நிலைகொண்டது. முதலில் தலைநகருக்கு மேற்கே இருந்த களஞ்சியத் தொகுதியொன்று டோஹா முகாம் என்ற பெயரில் பயன்பட்டது. பின்னரே நகருக்குத் தெற்கே பாலைவனத்தில், குவைத் அரசின் செலவில், அரிஃப்ஜான் கட்டப்பட்டது.

போர்வீரரை அமெரிக்காவிலிருந்து விமானத்தில் ஓரிரு நாளில் கொண்டுவந்துவிடலாம். தாங்கிகளையும் கவச வாகனங்களையும் கப்பலேற்றிக் கொண்டுவர வாரக்கணக்காகும். ஆகவே அவற்றைப் பழுதுபார்த்து, எந்நேரமும் ஓடக்கூடிய நிலையில் அங்கேயே வைத்திருப்பது இம்முகாமின் முதன்மையான வேலைகளில் ஒன்று. 2003 மார்ச்சில் ஈராக்கினுள் புகுந்த அமெரிக்கத் தரைப்படை குவைத்தின் வடபாலைவனத்திலிருந்தே புறப்பட்டது. 2011 டிசெம்பர் 18ஆந் திகதி ஈராக்கை விட்டு வெளியேறிய கடைசி வாகனத் தொடரணி வந்து சேர்ந்ததும் குவைத்துக்குத்தான். திரும்பி வந்த வாகனங்களைக் கப்பலேற்றுவதற்கு முன் கழுவும் இடத்திலேதான் என் சகோதரருக்கு வேலை. பிறநாட்டு மண்ணும் விதையும் பூச்சியும் அமெரிக்காவுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக, சக்கரத்து இடுக்கில் ஒரு பிடி மண் இருந்தாலும் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவாராம். வாகனத்தின் அடியில் படுத்து, இரும்புக் கம்பியால் சுரண்டி, மீண்டும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். 2016 ஜூலையில் 53.9 பாகை செல்சியஸ் பதிவான நாடு அது என்பதையும் வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும்.

என் சகோதரர் போனபோது உப முகவர் ஒருவர் அவரிடம் பெருந்தொகை வாங்கினார். ‘குவைத்தில் துப்புரவு வேலை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அது படைமுகாம் என்பது போய் இறங்கிய பிறகே அவருக்குத் தெரிந்தது. இதே கதையை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். நான் இக்கடிதம் எழுதுவதன் காரணம் இதுதான்.

அமெரிக்க அரசின் ஒப்பந்த விதிகளின்படி, அதன் ஒப்பந்தகாரரோ துணை ஒப்பந்தகாரரோ அவர்களின் முகவரோ தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும் அவ்வாறே. வேலை செய்யும் இடம், சம்பளம், தங்குமிடம், வேலையிலுள்ள ஆபத்து ஆகியவற்றைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்காமல் ஆள் சேர்ப்பதும் குற்றமே. இவ்விதிகள் 2015இல் மேலும் இறுக்கப்பட்டன. இவற்றைவிட முக்கியமானது, வெளிநாட்டுத் தளங்களில் வேலைசெய்வோருக்கான 1941ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புறுதிச் சட்டம். அது எந்த நாட்டவர் என்று பாராமல், காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு வழங்கச் சொல்கிறது. விபத்தை 30 நாட்களுக்குள் அறிவித்து, ஓராண்டுக்குள் கோரிக்கையை முன்வைக்க வேண்டும். அமெரிக்கரல்லாதாருக்குரிய நிரந்தர நட்டஈட்டை அரைவாசியாக்கி ஒரே தடவையில் கொடுத்துத் தீர்க்கவும் அச்சட்டம் இடமளிப்பது அநீதி என்றே கருதுகிறேன். சில நாடுகளில் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டமே போதும் என விலக்களிக்கவும் வழியுண்டு. எது பொருந்தும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2004 ஆகஸ்டில் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளரை நினைத்துப் பாருங்கள். ஜோர்தானில் வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட அவர்கள், மேற்கு ஈராக்கின் பாலைவனத்திலிருந்த அமெரிக்க விமானத்தளத்துக்குக் கொண்டுசெல்லப்படும் வழியிலே பிடிக்கப்பட்டனர். அவர்களின் குடும்பங்களுக்குப் பின்னர் நட்டஈடு கிடைத்தது நான் மேலே சொன்ன சட்டத்தின் கீழேயே. அப்படியொரு சட்டம் இருப்பதை அறியாத குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்? 2025 ஜூன் 23ஆந் திகதி கட்டாரிலுள்ள அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தை ஈரானிய ஏவுகணைகள் இலக்கு வைத்த இரவில், மத்திய கிழக்கில் பிள்ளைகள் இருக்கும் நமது வீடுகளில் எத்தனை பேர் தொலைபேசியோடு விழித்திருந்தார்கள் என்பதை நானறிவேன்.

ஆகவே, படைத்தளத்தில் வேலை என்றால் அத்தளத்தின் பெயரையும் காப்புறுதியின் விபரத்தையும் ஒப்பந்தத்தில் தமிழில் எழுதுவித்த பின்னரே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பதிவை அனுமதிக்க வேண்டும். பிரதேச செயலகங்களில் இவ்விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும் இவ்விதிகள் தமிழில் கையில் கிடைக்க வேண்டும். அதுவரை, மேற்சொன்ன 30 நாள், ஓராண்டுக் கால எல்லைகளையாவது தங்கள் பத்திரிகையில் பெட்டிச் செய்தியாக அடிக்கடி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஏறாவூர்.