பொம்மையின் காலில் ஏறிய சாயம்

அனுப்புநர்: ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் (பெயர், முகவரி, ஆர்டர் விவரங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நாள்: 27.10.2025

பொருள்: பொம்மை உடுப்பின் சாயம் ஏறி என் பழைய பார்பி பொம்மை கெட்டுப்போனது, 13.10.2025 அன்று நீங்கள் அனுப்பிய பதிலை ஏற்க இயலாமை – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

செப்டம்பர் 11 அன்று உங்கள் இணையதளத்தில் பொம்மை அலமாரித் தொகுப்பு ஒன்றை 1,899 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிளாஸ்டிக் அலமாரி ஒன்று, கண்ணாடி வைத்த சிறு மேசை ஒன்று, ஹேங்கர்கள், ஆறு உடுப்புகள். அவற்றில் அரக்கு நிறச் சுடிதாரின் சாயம் என் பொம்மையின் இரண்டு கால்களிலும் ஏறிவிட்டது. அக்டோபர் 4 அன்று படங்களோடு உங்களுக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த ஓர் உடுப்புக்கு மட்டும் மாற்று உடுப்பு அனுப்புவதாகவும், பிற நிறுவனத்தின் தயாரிப்புக்கு நேர்ந்த சேதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது. மாற்று உடுப்பு எனக்கு வேண்டாம். பொறுப்பல்ல என்று சொன்னீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பொம்மை எது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1994இல் எனக்கு ஒன்பது வயது. முழுப் பரீட்சை லீவில் அப்பா திருச்சி பெரிய கடைவீதியில் வாங்கிக் கொடுத்தார். லியோ மேட்டல் என்று கம்பெனிப் பெயர் அச்சடித்த இளஞ்சிவப்புப் பெட்டி. விலை நூற்றுச் சொச்சம் ரூபாய். எங்கள் வீட்டில் அது சாதாரணச் செலவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்கு ஒரு செட் துணி குறைந்தது என்று அம்மா பின்னாளில் சொல்லித்தான் தெரியும். பொம்மைக்கு மாலினி என்று பெயர் வைத்தேன். முட்டியை மடக்கினால் உள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். முதுகில் 1966 என்று எண் பதித்திருக்கும். அது உடல் அச்சுக்கு உரிமை பதிந்த வருஷம்தான், பொம்மை செய்த வருஷமில்லை. அப்போது எனக்கு அது தெரியாது. மாலினி என் அம்மா வயதுக்காரி என்றே பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கடை உடுப்பு என்று இருந்தது பெட்டியோடு வந்த ஒன்று மட்டும்தான். மற்றதெல்லாம் அம்மா தைத்தது. அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். வெட்டும்போது கையிடுக்கில் மிஞ்சும் முக்கோணத் துண்டுகளை எனக்காக ஒரு மஞ்சள் பையில் போட்டு வைப்பார். பழைய புடவையின் கிழியாத ஜரிகைக் கரையில் பாவாடை, பிரஸ் பட்டன் வைத்த அரை விரல் நீளச் சட்டை, தாவணி. விளையாட்டுச் சாமான் என்று பெட்டி பெட்டியாக விற்றதை நாங்கள் டிவி விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் இழுப்பறை மேசை. செருப்புப் பெட்டியை நிறுத்தி வைத்து, நடுவில் ஊதுபத்திக் குச்சியைக் குறுக்கே செருகினால் அலமாரி. அந்த அலமாரிக்குக் கதவு கிடையாது. கதவு வைத்த அலமாரி ஒன்று மாலினிக்கு வேண்டும் என்பது என் ஒன்பது வயது ஆசை. உங்கள் தளத்தில் அந்தத் தொகுப்பைப் பார்த்ததும் நான் யோசிக்காமல் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

போன கோடை லீவில் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து மாலினியை என் மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு எட்டு வயது. தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. இருவருமாக ஷாம்பு போட்டு அலசி, நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து, வெந்நீர் ஊற்றி நேராக்கினோம். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. "அம்மா, நீ இவளுக்கு என்னென்ன கதை சொல்லுவ?" என்று கேட்டுக்கொண்டே வாரினாள். என் மகளோடு அப்படி ஒரு மத்தியானம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

அதன் பிறகு நவராத்திரி. எங்கள் வீட்டுக் கொலுவில் முதலில் வைப்பது மரப்பாச்சி ஜோடி. என் பாட்டி கல்யாணத்துக்குக் கொடுத்த செம்மரப் பொம்மைகள். ஒவ்வொரு வருஷமும் புதுத்துணி உடுத்தி, சின்ன மாலை போட்டு வைப்போம். பொம்மைக்கு உடை மாற்றுவது எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கமில்லை, பாட்டி காலத்திலிருந்தே உண்டு. இந்த வருஷம் படிக்குப் பக்கத்தில் மாலினிக்குத் தனி வீடு அமைப்பதாக மகள் சொன்னாள். மகாளய அமாவாசையன்று உங்கள் அலமாரியைப் பொருத்தி, அரக்குச் சுடிதாரைப் போட்டு மாலினியை உட்கார வைத்தாள். அலமாரிக் கதவில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாள் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாழ்ப்பாளை நன்றாகவே செய்திருக்கிறீர்கள். ஹேங்கர் கம்பி தாழ்வாக இருந்ததால் நீளப் பாவாடைகள் தரையில் புரண்டன. ஒரு கதவின் கீல் மூன்றாம் நாளே விட்டது. இவை சிறு குறைகள். இவற்றுக்காக நான் எழுதியிருக்க மாட்டேன்.

விஜயதசமி இரவு வழக்கம்போல் மரப்பாச்சியைப் படுக்க வைத்தோம். மறுநாள் கொலுவை எடுக்கும்போது மகள் மாலினிக்கு இரவு உடை மாற்றப் போனாள். சுடிதாரின் பேன்ட்டை உருவியதும் கையை எடுத்துவிட்டாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களிலும் செந்நீலத் திட்டுகள். முட்டி மடிப்பில் கருத்தே போயிருந்தது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழுதாள். "நான் தண்ணி படவே விடலம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் தவறு ஒன்றுமில்லை என்று தேற்ற அன்று மாலை வரை ஆயிற்று.

எப்படி நடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரிப் பொம்மைகளின் கால் மென்மையான வினைல். வளைவதற்காக அதில் சேர்க்கும் மென்மையாக்கி வழியாக, துணியில் சரியாகப் பிடிக்காமல் தங்கியிருக்கும் சாயம் உள்ளே இறங்கிவிடும். மேலே படிந்த கறையாக இருந்தால் துடைத்தால் போய்விடும். இது உள்ளே ஊறியது. மாலினியின் இடுப்பு கடினப் பிளாஸ்டிக். அங்கே இருந்த சிவப்பு ஈரத்துணியால் துடைத்ததுமே போய்விட்டது. கால்களில் சோப்பும் பலிக்கவில்லை. பழைய பொம்மை சேர்ப்பவர்கள் செய்வதுபோல், பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி மூன்று நாள் மாடி வெயிலில் வைத்தேன். முட்டியில் கறை கொஞ்சம் வெளுத்தது. ஆனால் அதோடு காலின் நிறமும் வெளுக்கத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன்.

ஆறு உடுப்புகளையும் தனித்தனிக் கிண்ணங்களில் வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டுப் பார்த்தேன். அரக்கும் கருநீலமும் தண்ணீரைக் கலக்கிவிட்டன. மற்ற நான்கும் தெளிவாக இருந்தன. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அரக்குத் துணியில் தேய்த்தேன், இளஞ்சிவப்பாகிவிட்டது. கிண்ணங்களின் படத்தையும் கைக்குட்டையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். நான் வாங்கிய நாளில் உங்கள் பக்கத்தில் இருந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். பழைய பதினொன்றரை அங்குலப் பொம்மைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று அதில் இருக்கிறது. அம்மாவின் பொம்மையை மகளின் கையில் கொடுங்கள் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 2016இல் பார்பியில் உயரம், குட்டை, பருமன் என்று புது உடல்வாகுகள் வந்ததிலிருந்து, இப்போது கடையில் கிடைக்கும் உடுப்பு பழைய பொம்மைக்குச் சேருமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சேரும் என்று நீங்கள் உறுதி சொன்னதால் உங்களிடம் வாங்கினேன். என் பொம்மையை உங்கள் உடுப்புக்குள் வைக்கச் சொன்னவர்கள் நீங்கள். கெட்டுப்போன பிறகு, அது வேறு யாருடைய தயாரிப்போ என்கிறீர்கள்.

பொம்மையைச் செய்தவர்கள் மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. முப்பத்தொரு வருஷம், அதில் இருபதுக்கு மேல் பரண் வெக்கையில், அந்தக் கால்களில் ஒரு புள்ளி விழவில்லை. அம்மா தைத்த சிவப்புப் பாவாடை வருஷக்கணக்கில் அவள் மேல் இருந்திருக்கிறது. தைப்பதற்கு முன் அம்மா ஒவ்வொரு துண்டையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக் காயப்போடுவார். வாசல் திண்ணையில் தைத்தவர் செய்த காரியத்தை ஒரு நிறுவனம் செய்திருக்க முடியாதா?

பார்பியே உடை மாற்றி விளையாடுவதற்காகப் பிறந்த பொம்மை. தன் மகள் காகிதப் பொம்மைகளுக்கு விதவிதமாக உடை மாட்டி விளையாடுவதைப் பார்த்துத்தான் பார்பியை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு அந்த யோசனை வந்தது. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான நாளிலிருந்து உடுப்பு தனியாக விற்கும் பொருள். அதனால் உடுப்பு விற்கிறவர், உள்ளே இருக்கும் பொம்மையைப் பற்றி எனக்கென்ன என்று இருக்க முடியாது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. மரப்பாச்சியைச் சப்பட்டும் என்றே குழந்தை கையில் கொடுப்பார்கள் எங்கள் வீட்டில். பொம்மை என்றால் குழந்தை வாயில் வைக்கும். என் மகளுக்கு எட்டு வயது, வாயில் வைக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே அரக்குச் சுடிதார் போயிருக்கும். தண்ணீரில் பத்து நிமிடத்தில் கரையும் சாயம் எச்சிலில் கரையாதா? அதில் என்ன இருக்கிறது என்று சோதித்தீர்களா? பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உங்கள் பெட்டியின் ஆறு பக்கமும், உள்ளே இருந்த தாளிலும் தேடினேன். முத்திரையும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. என் முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டிருந்தேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுப் பொம்மை வாங்கித் தருகிறோம் என்று சொல்லாதீர்கள், அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். 1,899 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். சேதம் உங்கள் உடுப்பால் நேர்ந்தது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். என் மகளிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். இன்னும் அவள் மனதில் அந்தக் குறை இருக்கிறது. அரக்கு, கருநீல உடுப்புகளின் விற்பனையை நிறுத்தி, பொம்மைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 9873இன்படி சோதித்து, அந்த அறிக்கையைத் தாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொகுப்பை ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் உடனே தகவல் அனுப்புங்கள். அவர்களுடைய தொலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கின்றன. அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு எத்தனை அம்மாக்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்திருப்பார்கள்! இந்த நிமிடம் அந்தச் சுடிதாருக்குள் யாருடைய பொம்மையோ இருக்கும். இன்றே கழற்றினால் அவர்களுடையதாவது பிழைக்கும்.

மின்வணிக விதிகள் 2020இன்படி புகார் கிடைத்ததை நீங்கள் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்திருக்க வேண்டும். முதலாவதைச் செய்யவில்லை. இரண்டாவதற்கு நவம்பர் 4 வரை நாள் இருக்கிறது. அதற்குள் உருப்படியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

கடைசியாக, பொம்மையைக் கூரியரில் அனுப்பச் சொல்லி உங்கள் ஊழியர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். அனுப்ப மாட்டேன். சோதனைக்குத் துணி வேண்டுமானால் கருநீல உடுப்பைத் தருகிறேன், அரக்கு என்னிடமே இருக்கும். பொம்மையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆளை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புங்கள். வார நாளில் மாலை நாலரைக்கு மேல் வரட்டும். மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள். மாலினி இப்போது அவளுடைய பொம்மை, அவள்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பொம்மையின் கால்கள், ஆறு கிண்ணங்கள், கைக்குட்டை, பெட்டியின் பக்கங்கள், விளம்பரப் பக்கம் ஆகியவற்றின் படங்கள், பணம் செலுத்திய ரசீது, 13.10.2025 நாளிட்ட உங்கள் பதிலின் நகல்.