வசுவுக்கு, கசுனோ போய்வந்த பிறகு

அன்புள்ள வசு,

உன் கடிதம் டிசம்பரிலேயே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் உங்கள் ஊர்த் திருவிழா இந்த வருஷமும் நின்றுபோன சமாச்சாரம்தான் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறாக்காரர்கள் முட்டிக்கொண்டதில் அம்மன் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை நான் ஜனவரி 2ஆம் தேதி காலையில், கால்விரல் மரத்துப்போன நிலையில், ஒரு ஜப்பானியக் கோயிலுக்குள் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன். நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு உட்கார்.

இடம் அகிதா மாகாணத்தில் கசுனோ. ஹொன்ஷு தீவின் வடகோடிக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர். டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் என்கிற அதிவேக ரயிலில் மொரியோகா வரை பறந்துவிடலாம், அதற்கப்புறம் ஹனவா பாதையில் டீசல் வண்டி, அது மலையில் மூச்சிரைத்து ஏறி இறங்கி இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறு நிறமே கிடையாது. இவர் வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். புத்தாண்டு லீவில் வெந்நீர் ஊற்றுக்குப் போனாலாவது அர்த்தம் உண்டு, ஆட்டம் பார்க்கப் பனிக்குள் போவாளா ஒருத்தி என்பது அவர் கட்சி. சரி என்று தனியாகவே கிளம்பிவிட்டேன். ஹாச்சிமன்தாய் என்கிற சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான்.

கோயிலின் பெயர் ஓஹிருமெமுச்சி. ஊரார் யாரும் அப்படிச் சொல்வதாகத் தெரியவில்லை, டைனிச்சிடோ என்கிறார்கள். டைனிச்சி என்றால் வைரோசன புத்தர். அங்கே நடக்கும் ஆட்டம் டைனிச்சிடோ புகாகு. புகாகு என்பது அரண்மனையில் ஆடப்பட்ட சடங்கு நடனம். இந்த மண்டபத்தை 718இல் புதுப்பித்துக் கட்டியபோது தலைநகரிலிருந்து வந்த கலைஞர்கள் இந்த மலைநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது மரபு. அதற்கும் முந்தி ஒரு கதை இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். நல்ல மனசுக்கார ஏழை உழவனும் அவன் மனைவியும். வயல் வேலைக்கு நடுவில் அவன் கண்ணயர்ந்தபோது ஒரு தும்பி வந்து அவன் வாயைத் தொட்டுத் தொட்டுப் பறந்ததாம். எழுந்தவன், கனவில் அருமையான சாராயம் குடித்தேன் என்றானாம். இரண்டு பேரும் தும்பி போன வழியிலேயே போய்ப் பார்த்தால் மலைக்குள் சாராய ஊற்று! (நம் ஊராக இருந்தால் மறுநாளே ஏலம் விட்டிருப்பார்கள்.) அதனால் பெரும் பணக்காரனாகி, அவன் வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்காக அரிசி களைந்த தண்ணீரில் ஆறே வெளுத்துப்போனதாம், அதுதான் இன்று அந்தப் பக்கம் ஓடும் யொனெஷிரோ ஆறு. அவர்கள் பெண் கெய்தாய் பேரரசருக்கு மனைவியாகிறாள், பெற்றோர் இறந்ததும் அவர்கள் நினைவாக எழுந்ததுதான் இந்தக் கோயில் என்கிறார்கள். கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு, ஆட்டங்கள் சிலவற்றில் அதுதான் ஓடுகிறது.

ஆடுகிறவர்கள் ஓசாதோ, அசுகிசாவா, நாகமினே, தனியுச்சி என்ற நாலு சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். விடிவதற்கு முன்னாலேயே அவரவர் இடத்தில் சடங்கை முடித்துக்கொண்டு, கொடி தூக்கிக்கொண்டு, புல்லாங்குழலும் மத்தளமுமாக இருட்டில் பனிமேல் நடந்து வருகிறார்கள். முதலில் வெளிச்சம் தெரியாது, குழல்தான் கேட்கும், அதுவும் எந்தத் திசையிலிருந்து என்று பிடிபடாது. பிறகு கோயில் வாசலில் வரிசையாக வந்து சேர்கிறார்கள். அதுவரை ஒரே அமைதி, பக்தி என்று நினைத்தால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழ். இளவட்டங்கள் மேடையில் ஏறிக் கைதட்டிக் குதிக்கிறார்கள், நாகக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு மேல்மாடத்துக்கு ஏற்றுவதில் ஒரே கூச்சலும் தள்ளுமுள்ளும். வயசான ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துத் தூண் பக்கம் இழுத்து விட்டார். அங்கேயே ஒட்டிக்கொண்டேன், அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

மண்டபத்தின் நடுவில் சதுரமான மேடை, சுற்றி நாம். மொத்தம் ஒன்பது ஆட்டம், காலையில் தொடங்கி மதியம் வரை. முதல் இரண்டையும் நாலு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள், ஒன்று வானத்துத் தெய்வங்களுக்கு, இன்னொன்று பூமித் தெய்வங்களுக்கு. மிச்சம் ஏழும் ஒவ்வொரு ஊருக்கும் பங்கு பிரித்தது. அசுகிசாவாவுக்குச் சிங்கத்தலை ஆட்டம், சிங்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கூடவே போகிறான். மர முகம் வைத்த குதிரையை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் ஆடுவது ஓசாதோவுக்கு. நாகமினேக்காரர்கள் ஆறு பேர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வாளோடு வருவார்கள். அந்தத் தும்பிக் கதைப் பெண் ராணியாகி இறந்தபின் அவளை அடக்கம் செய்ததை ஆடுகிறார்களாம். அது தெரிந்து பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்தாற்போலவே சேவல், கோழி, குஞ்சு என்று தலையில் பறவை உருவம் வைத்துக்கொண்டு ஓசாதோவின் மூன்று சிறுவர்கள். இழவுக்கு அடுத்தது கோழிக்குஞ்சு! வரிசையை யார் போட்டார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. குஞ்சு வேஷம் போட்ட பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது, துடைக்கவே இல்லை, அடி ஒன்றுகூடத் தப்பவில்லை.

தனியுச்சிக்காரர்களின் ஐம்பெரும் மூர்த்தி ஆட்டத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரில் ஐந்து, மேடையில் ஆறு பேர். முகமூடி, கையில் வாள். அசைவு மிக மிக மெதுவு. கையை ஒரு பக்கம் நீட்டினால் அது போய்ச் சேர்வதற்குள் நாம் நாலு விஷயம் யோசித்துவிடலாம். முதலில் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு வேகம் வேண்டும், தீர்மானம் வேண்டும், அடவு சட்டென்று முடிந்து தாளத்தில் உட்கார வேண்டும். இங்கே எதுவும் உட்காரவில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல், இவர்கள் எனக்காக ஆடவில்லை என்பது புரிந்துவிட்டது. யாரும் சபையைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் அத்தனை பேரும் எழுந்து போயிருந்தாலும் ஒரு அடியைக்கூடச் சுருக்கியிருக்க மாட்டார்கள். அப்புறம் ரசிகையாக இருக்கும் பொறுப்பு போய்விட்டது, நிம்மதியாகப் பார்த்தேன்.

அப்புறம் தச்சர் ஆட்டம், நாலு பேர், டைனிச்சி சிலையைச் செதுக்கியதைக் காட்டுவது. கடைசியில் உழவர்களின் ஆட்டம், அதைச் சலசலவென்று தட்டுப்பலகை ஓசையோடு சந்தோஷமாக முடித்துவிட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனித்தாயா? புத்தர் பெயர், புத்த மூர்த்திகள், ஆனால் வாசலில் நிற்பது தோரி, அதாவது ஜப்பானின் பூர்வ தெய்வ வழிபாடான ஷிண்டோவின் வாசல் வளைவு. 1868இல் மேஜி அரசு தெய்வங்களையும் புத்தர்களையும் பிரித்துவைக்கச் சொல்லி ஆணை போட்டது, நாடு முழுக்கக் கலந்து கிடந்த கோயில்களை இது அல்லது அது என்று ஆக்கினார்கள். டைனிச்சிடோ ஷிண்டோ கோயில் ஆனது. கணக்கில் பெயர் மாறியது, ஆட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. சர்க்கார் ஆணைக்கு ஜனங்கள் கொடுக்கும் மரியாதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.

விரதத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். ஆடுகிறவர்கள் நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மாதிரிதான். இறைச்சி கிடையாது, சமையலுக்குத் தனி நெருப்பு, மனைவியோடு சேரக் கூடாது, துக்க வீட்டுப் பக்கம் போகக் கூடாது. எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. மேடையில் நான் பார்த்த பெரியவர்கள் எல்லாரும் ஆண்கள். உரிமை அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. உனக்கு உடனே கோபம் வரும் என்று தெரியும், எனக்கும் வந்தது. அந்த விரதச் சோற்றைத் தனி அடுப்பில் ஆக்கிப்போடுவதும், உடையைத் தைத்து மடித்துவைப்பதும் யார் என்று கேட்டேன். தூண் பக்கம் இழுத்துவிட்ட அதே அம்மாள் பதில் சொல்லாமல் சிரித்தார். சில வீடுகளில் விரதக்காரர்களே சமைத்துக்கொள்கிறார்களாம். அந்த அளவுக்காவது பரவாயில்லை.

இப்போது உன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாலு ஊரில் எதற்கும் முழு ஆட்டமும் கிடையாது, ஒருத்தர் பங்கில் இன்னொருத்தர் கை வைப்பதும் கிடையாது. நாகமினே கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால் அடக்கம் செய்யும் ஆட்டம் அந்த வருஷம் இல்லை, அவ்வளவுதான். ஓசாதோ முறைத்துக்கொண்டால் கோழிக்குஞ்சு இல்லை. ஆக, யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்வியே எழாதபடி பிரித்துவைத்திருக்கிறார்கள் என்று பெருமையாக எழுத ஆசைதான், ஆனால் ஜப்பானியர்களை ஞானிகளாக்கிக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இங்கேயும் சண்டை வராமலா இருந்திருக்கும்? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்த ஆட்டம் நின்றே போயிருக்கிறது. யோசித்துப் பார், 60 ஆண்டு! விட்டபோது மேடையில் வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன், மீண்டும் தொடங்கியபோது உயிரோடு இருந்திருந்தால் எழுபதைத் தொட்டிருப்பான். அவனுக்கு எவ்வளவு நினைவிருந்திருக்கும்? வால் பக்கம் நின்றவனுக்குத் தலை எப்படித் திரும்பியது என்று தெரியுமா? ஆனாலும் தொடங்கியிருக்கிறார்கள். 1,300 ஆண்டு மரபு என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு அந்த 60 ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது. தொடர்ந்து செய்வதற்குப் பழக்கம் போதும். நின்றுபோனதைத் தூக்கி நிறுத்த யாரோ நாலு பேர் முதலில் வெட்கம் பார்க்காமல் தப்புத் தப்பாக ஆடியிருக்க வேண்டும். உங்கள் ஊரில் இரண்டு வருஷம்தானே ஆகிறது, வசு. தேர் வடம் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பஞ்சாயத்தில் பேச நீ போகப்போவதாக எழுதியிருந்தாய், போ.

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் உடனே, அதுவும் நம்மிடமிருந்து போனதுதான் என்று ஒருத்தர் கிளம்புவார். அவருக்குக் கொடுக்க ஒரு துண்டுத் தகவல் வைத்திருக்கிறேன். தென்னிந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி 736இல் ஜப்பானில் இறங்கினார், 752இல் அன்றைய தலைநகர் நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்தவரும் அவரே. அவரோடு வந்த சம்பா நாட்டு (இன்றைய வியட்நாம் பக்கம்) துறவி ஒருவர் கொண்டுவந்தவை என்று அரண்மனை புகாகுவில் சில ஆட்டங்களைச் சொல்வார்கள். அதுவரை உண்மை. ஆனால் கசுனோவின் மரபுக் கணக்கு 718, போதிசேனர் கப்பலேறுவதற்கு முன்பே. தவிர இந்த மலையூர் ஆட்டத்தில் அரண்மனைச் சாயலே எனக்குக் கண்ணில் படவில்லை, பெயரைத் தவிர. எனவே தயவுசெய்து குடும்ப வாட்ஸப் குழுவில் எதையும் போட்டுவைக்காதே.

கவலை ஒன்று உண்டு. 1976இல் தேசிய அளவில் பாதுகாக்க வேண்டிய கலையாக அறிவித்தார்கள், 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலால் பிள்ளைகள் பிறப்பதில்லையே. கசுனோ நகரம் முழுவதற்கும் இப்போது ஜனத்தொகை முப்பதாயிரத்துக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டே போகிறது. அதில் நாலு சிற்றூர், அதில் உரிமையுள்ள வீடுகள், அதில் ஆண்பிள்ளை, அவனும் ஜனவரி 2க்கு செண்டாயிலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ லீவு போட்டு முன்கூட்டியே வந்து விரதம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இன்னும் இருபது வருஷத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடாமல் அவர்களால் முடியாது. அப்போது விதியெல்லாம் தானாக வளையும்.

சாப்பாட்டைக் கேட்பாயே. அந்தப் பக்கத்துப் பெயர்பெற்ற பண்டம் கிரிதான்போ. சோற்றை அரைகுறையாக மசித்து, தேவதாரு மாதிரி ஒரு மரக்குச்சியில் பிடித்து, நெருப்பில் சுடுவது. அதைத் துண்டு போட்டுக் கோழிச் சாற்றில் கீரை, காளானோடு கொதிக்கவைக்கிறார்கள். உன்னைப் போல் சைவமாக இருந்தால் குச்சியோடு இனிப்பு மிசோ (சோயா விழுது) தடவிச் சுட்டதைக் கேட்டு வாங்கலாம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒன்று வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டேன், பாதி தின்பதற்கு, பாதி விரலுக்குச் சூடு ஏற்ற.

குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, ஜனவரிக்கு உன்னைக் கூப்பிடமாட்டேன். ஆனால் இதே கசுனோவில் ஆகஸ்ட் 19, 20இல் ஹனவா பயாஷி என்று ஒரு திருவிழா, பொன் பூசிய சப்பரங்களில் மத்தளம் கொட்டிக்கொண்டு இரவு முழுக்க ஊர்வலம் போவார்கள். உனக்குப் பள்ளிக்கூடத்தில் அப்போது தொடர்ந்து லீவு எடுக்க முடியுமா என்று பார். பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது என்று போன வருஷமே சொன்னாய், அதை முதலில் புதுப்பி. விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதம், வங்கித் தாள் எல்லாம் நான் இங்கிருந்து மே மாதத்துக்குள் அனுப்பிவிடுகிறேன், பெயரை பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இனிஷியலோடு எழுதி அனுப்பு.

அன்புடன்,
கலா

பி.கு: விமானச் சீட்டை நான் சொல்லும்வரை எடுக்காதே. ஆகஸ்ட் நடுவில் இங்கே ஓபோன் என்கிற முன்னோர் வழிபாட்டு விடுமுறை, ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அது முடிந்து வருகிற மாதிரி தேதி பார்த்துச் சொல்கிறேன்.