முந்நூறு லைக், இரண்டு பேர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முட்டிவலியை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

உங்கள் தொண்டு அமைப்புக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் என்று நான்கிலும் கணக்குத் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். உங்கள் ஆட்கள் எதில் அதிகம் இருக்கிறார்களோ அதில் மட்டும் தொடங்கு. நாங்களும் ஆசையாக நான்கு தொடங்கி மூன்றை அப்படியே போட்டுவிட்டோம். அதில் ஒன்றுக்கு உதவி கேட்டு ஒருவர் அனுப்பிய செய்தியை ஐந்து வாரம் கழித்துத்தான் பார்த்தேன். என்ன பதில் எழுதுவது, சொல்.

இன்னொன்று, நானே செய்த கூத்து. 'அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை' என்று ஒரு பதிவு போட்டேன். என் கைப்பேசி எண்ணைப் போட்டவன், தேதி போட மறந்துவிட்டேன். அன்று மாலைக்குள் ரத்தம் கிடைத்துவிட்டது. பதிவோ வாட்ஸ்அப்பில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தது. எட்டு மாதம் கழித்து, இரவு பதினொன்றரைக்கு ஒரு அழைப்பு. "எங்க வரணும் சார்? வண்டி எடுத்துட்டேன்" என்கிறார் முன்பின் தெரியாத ஒரு மனிதர். அவரிடம் விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த முறை நிஜமாகவே தேவைப்படும்போது அவர் கிளம்புவாரா? இப்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் படத்தின் மேலேயே எழுதிவிடுகிறோம். கீழே எழுதுவது கைமாறும்போது உதிர்ந்துவிடுகிறது.

லைக் கணக்கைப் பார்த்து மயங்காதே. 2013இல் யுனிசெஃபின் சுவீடன் கிளை ஒரு விளம்பரம் செய்தது. எங்கள் பக்கத்துக்கு லைக் போட்டால் போலியோ தடுப்பூசி ஒரு குழந்தைக்குக்கூடப் போய்ச் சேராது, தடுப்பூசிக்குப் பணம் வேண்டும் என்று நேராகவே சொன்னார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஆண்டே ஐஸ் பக்கெட் சேலஞ்ச் வந்தது, நினைவிருக்கிறதா? தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்வது கொஞ்சம் கோமாளித்தனம்தான். ஆனால் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக உழைக்கும் அமெரிக்க அமைப்புக்கு அதனால் சேர்ந்தது சுமார் 11.5 கோடி டாலர். கொட்டிக்கொண்டவர் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவர்களுக்கு 24 மணி நேரம் கெடு. சூட்சுமம் அதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'எல்லோரும் வாருங்கள்' என்றால் யாரையோ சொல்கிறார்கள் என்று இருந்துவிடுகிறோம், பெயர் சொன்னால் அப்படி இருக்க முடிவதில்லை. அந்தப் பணம் உதவிய ஆய்வில் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு தெரியவந்ததையும் 2016இல் அறிவித்தார்கள்.

எங்கள் அனுபவமும் அதுதான். 'தன்னார்வலர்கள் தேவை' என்ற பதிவுக்கு முந்நூறு லைக் விழுந்தது, வந்தவர்கள் இரண்டு பேர். அடுத்த மாதம், பதிவுகளில் வழக்கமாகக் கருத்து எழுதும் இருபது பேருக்குத் தனித்தனியாக எழுதினேன்: "சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நோட்டுகளுக்கு அட்டை போட வர முடியுமா?" பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெரியவர் இன்றைக்கும் வருகிறார், கூடவே தன் கத்தரிக்கோலையும் கொண்டுவருகிறார்.

பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதோடு நிறுத்தாதே. இரண்டு மாதம் கழித்து, வாங்கியது என்ன, மிச்சம் எவ்வளவு என்று போடு. ஒருமுறை வேறு படம் இல்லாமல் பில்லையே போட்டேன். சிரித்த முகங்களுக்கு வராத கேள்விகள் எல்லாம் அதற்கு வந்தன. கேட்டவர்களில் பலர் அடுத்த முறையும் கொடுத்தார்கள்.

சிரித்த முகம் என்றதும் ஞாபகம் வருகிறது. பை வாங்கும் ஒரு பையனின் படத்தைப் போட்டிருந்தோம். "அண்ணா, அதை எடுத்துடுங்க, கிளாஸ்ல கிண்டல் பண்றாங்க" என்று அவனே செய்தி அனுப்பினான். அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தோம், அவனிடம் கேட்கவில்லை. அன்றோடு உதவி பெறுபவர்களின் முகம் போடுவதை விட்டுவிட்டேன். கைகளும் பொருளும் தெரிந்தால் போதும்.

அப்புறம், கணக்கின் பொறுப்பு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். எங்கள் பக்கத்தைத் தொடங்கிய தம்பி வெளிநாடு போனதும் மூன்று மாதம் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

முதல் பதிவை எழுதியதும் எனக்கு அனுப்பு. தேதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்