முயலோடு நிறுத்திவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் பழைய இத்தாலியக் கணக்கறிஞர் ஃபிபோனாச்சி பற்றி வந்ததை என் மகள் வயிற்றுப் பேத்தி சத்தமாகப் படித்தாள். ஒரு ஜோடி முயல் குட்டி போட்டுப் பெருகினால் பன்னிரண்டு மாதத்தில் 377 ஜோடி என்ற அவர் கணக்கு, அப்புறம் அந்த எண்வரிசை தெரியும் சூரியகாந்திப் பூ. முடித்ததும், "ஏனுங் அப்பிச்சி, அவரு முயல் பண்ணை வெச்சிருந்தாருங்களா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் ஈரோடு மஞ்சள் மண்டியில் 38 வருஷம் கணக்கு எழுதியவன். அந்த மனிதர் எங்கள் தொழிலுக்குச் சொந்தக்காரர். அதை நீங்கள் சொல்லவே இல்லை.

ஃபிபோனாச்சியின் சொந்தப் பெயர் லியோனார்டோ. 1170 வாக்கில் பிறந்தவர், ஊர் இத்தாலியின் பீசா. அவர் அப்பா, இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் பூஜியா துறைமுகத்தில் பீசா வியாபாரிகளுக்காகச் சுங்க வேலை பார்த்தவர். பையனையும் வரவழைத்துக் கணக்குப் படிக்க வைத்தார். இந்தியர்களின் ஒன்பது எண் உருக்களைப் பையன் கற்றது அங்கேதான். பிறகு எகிப்து, சிரியா, சிசிலி என்று சுற்றிவிட்டு 1202-இல் 'லிபர் அபாசி' என்ற கணக்குப் புத்தகத்தை எழுதினார். அந்த ஒன்பதோடு அராபியர் வைத்திருந்த சுழியும் சேர்ந்தால் எந்த எண்ணையும் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்குகிறார். நாம் சொல்லும் சைபர், சுழிக்கு அவர்கள் வைத்த அரபுச் சொல்லின் வழி வந்ததுதான். உள்ளே சரக்கு விலை, பண்டமாற்று, கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிப்பது, நாணயத்துக்கு உலோகம் கலப்பது என்று அத்தியாயம் அத்தியாயமாக வியாபாரம். மிளகுகூட வருகிறது. முயல் ஒரு ஓரத்தில் வரும் ஒற்றைக் கணக்கு. சூரியகாந்தி அதில் இல்லவே இல்லை.

என் அப்பாருவின் பழைய பருத்திப் பேரேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. 365 என்பதை ௩௱௬௰௫ என்று எழுதியிருப்பார். நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, சைபருக்கு வேலையே இல்லை. எழுதி வைக்கச் சரி. அப்படி நாலு தொகையை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் கூட்டிப் பாருங்கள், தெரியும். ரோமன் எண்ணோடு ஐரோப்பிய வியாபாரி பட்ட பாடும் இதுதான். எழுதுவது எண்ணில், கூட்டுவது காய் நகர்த்தும் பலகையில்.

புது எண்ணை எல்லாரும் உடனே ஏற்கவும் இல்லை. 1299-இல் ஃபிளாரன்ஸ் நகர நாணயமாற்றுக்காரர் சங்கம், கணக்கை அந்த எண்களில் எழுதக் கூடாது என்று விதி போட்டது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஒரு தடவை நான் சிட்டையில் 11 மூட்டை விரலி மஞ்சள் என்று எழுதியதை யாரோ 17 ஆக்கிவிட்டார்கள். ஒரே ஒரு சின்னக் கோடு. அந்த ஆறு மூட்டைக்காக ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்திலேயே 'பதினொன்று' என்று எழுத்திலும் எழுதிவிடுவேன்.

1240-இல் பீசா நகரம் லியோனார்டோவுக்கு வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் ஒதுக்கியது, நகரக் கணக்குகளில் யோசனை சொல்வதற்காக. வயதான கணக்கருக்குக் கொடுக்க அந்த ஊருக்கு மனசு வந்தது. எங்கள் கதை வேறு, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

அடுத்த முறை அவர் வழியில் கூட்டு வியாபாரக் கணக்கு ஒன்றைப் போடுங்கள். பேத்திக்கு நானே ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒருவர் 40,000, மற்றவர் 60,000 போட்டு மஞ்சள் வாங்கி விற்றதில் 12,500 ரூபாய் லாபம், ஆளுக்கு எவ்வளவு? 5,000, 7,500 என்று சொல்லிவிட்டு, "தரகு கழிச்சாச்சுங்களா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
ஈரோடு