முதுகு மண்ணில் பட்டாலும்

ரெக்ரேயோ, ரியோ டி ஜெனிரோ
ஜூன் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். "பேரனை அடிதடி படிக்க அனுப்பிவிட்டாள்" என்று சித்தப்பாவிடம் சொன்னீர்களாம். அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் என்றால் என்னைப் பேச விடமாட்டீர்கள்.

முதலில் ஊர் நிலவரம். இங்கே இப்போது குளிர்காலம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறார்கள். எனக்கு நம் ஊர் மார்கழி மாதிரிகூட இல்லை. ஜூன் முழுக்கத் தெருவுக்குத் தெரு திருவிழா. எங்கே பார்த்தாலும் சோளப் பண்டம். பமோன்யா என்று ஒன்று, அரைத்த சோளத்தைச் சோள மடலிலேயே பொதிந்து வேகவைக்கிறார்கள். நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். தினப்படி சாப்பாடு சோறும் கறுப்பு பீன்ஸும், மேலே தூவ வறுத்த மரவள்ளி மாவு. சோறு இருப்பதால் பிழைத்தோம். மாப்பிள்ளை ஒரு மாதம் எண்ணெய்க் கப்பலில், ஒரு மாதம் வீட்டில். அவர் கடலில் இருக்கும்போது மார்க்கெட், பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் எல்லாம் என் அரைகுறை போர்த்துகீசியத்தில்தான் ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தருண் போவது ஜியு-ஜித்சு வகுப்புக்கு, பிடி போட்டு மடக்கும் ஒரு வகை மல்யுத்தம். பள்ளி விட்டதும் அவன் வகுப்பில் பாதிப் பேர் வெள்ளைக் கிமோனோவைப் பையில் திணித்துக்கொண்டு அங்கேதான் ஓடுகிறார்கள். முதல் நாள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என்ன தெரியுமா? தட்டுவதற்கு. கையோ கழுத்தோ பிடியில் மாட்டினால் எதிராளி மேல் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அவர் அந்த நொடியே விட்டாக வேண்டும். விடாமல் பிடித்திருந்த ஒரு பையனை மாஸ்டர் அன்று முழுக்க ஓரமாக உட்கார வைத்துவிட்டார். போன வாரம் தருணைவிட ஒரு சாண் குள்ளமான பெண் ஒருத்தி அவன் கையைக் கால்களுக்கு நடுவே பூட்டிவிட்டாள். இவன் முகமெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்து, கடைசியில் தட்டினான். இரண்டு பேரும் உள்ளங்கையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அழுகையும் இல்லை, கோள்மூட்டலும் இல்லை.

நீங்கள் கோதாவில் இறங்கியவர். நம் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இங்கே மல்லாந்து படுத்தபடியேதான் பாதி ஆட்டம். கீழே கிடப்பவன் கால்களால் மேலே இருப்பவனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவன் கை நீட்டும் வரை காத்திருக்கிறான். இதை உலகத்துக்கே காட்டிய ஒருவரின் படம் தருண் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கிறது. அன்டோனியோ ரொட்ரிகோ நொகெய்ரா. இங்கே மினோடாவுரோ என்றால்தான் தெரியும்.

பாயியா மாநிலத்தில் விட்டோரியா ட கொன்கிஸ்டா என்ற ஊர்க்காரர், 1976இல் பிறந்தவர். கூடப் பிறந்த இரட்டையர் ரொஜேரியோவும் சண்டைக்காரர்தான். தருண் வயதில், அதாவது பத்து வயதில், ஒரு லாரி இவர்மேல் ஏறிவிட்டது. நான்கு நாள் நினைவில்லை. ஒரு விலா எலும்பும் ஈரலில் ஒரு பகுதியும் போய், பதினொரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இடுப்புக்கு மேலே முதுகில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு 2001இல் ஜப்பானில் பிரைட் என்ற போட்டியின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை அது.

மாப்பிள்ளை லேப்டாப்பில் ஒரு பழைய சண்டையைப் போட்டுக் காட்டினார். 2002 ஆகஸ்ட், டோக்கியோ தேசிய மைதானம். எதிரே பாப் சாப் என்ற அமெரிக்கர், இவரைவிட ஐம்பது கிலோவுக்கு மேல் கூடுதல். எடுத்த எடுப்பில் இவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார் பாருங்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் சுற்று முழுக்க இவருக்கு அடிதான். இரண்டாம் சுற்றில் அந்த மலைக்குக் கை ஓய்ந்தது. ஒரு கையைப் பிடித்துத் தொடைகளுக்கு நடுவே வைத்து, இடுப்பை உயர்த்தி முழங்கையை நிமிர்த்தினார். அவ்வளவுதான், சாப் தட்டிவிட்டார். மறு ஆண்டு மிர்கோ குரோகாப்பிடமும் இதே கதை. ஒரு சுற்று உதை, அடுத்த சுற்றில் அதே கைப்பூட்டு. 2008இல் அதே மாதிரியான அமெரிக்கப் போட்டியான யு.எஃப்.சி.யில் டிம் சில்வியாவின் கழுத்தைக் கக்கத்தில் இறுக்கி இடைக்காலப் பட்டமும் வாங்கினார். பிரைட், யு.எஃப்.சி. இரண்டிலும் ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்த முதல் ஆள் இவர்தான். ரஷ்யாவின் ஃபெடோரை மட்டும் ஜெயிக்கவே முடியவில்லை.

எல்லோரும் இவரைக் கும்பிடுகிறார்கள், எனக்கு ஒன்று மட்டும் ஒட்டவில்லை. 2011 டிசம்பரில் ஃபிராங்க் மிர் இவர் கையை முறுக்கியபோது இவர் தட்டவில்லை. மேல்கை எலும்பு முறிந்தது. இதை வீரம் என்று சொல்லும் ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தருணின் மாஸ்டரிடம் கேட்டேன். "பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையைக் காட்ட மாட்டேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான். இடுப்பு, முழங்கால் என்று அறுவை சிகிச்சை செய்த உடம்போடு அதே வருடம் ஆகஸ்டில் இதே ரியோவில் பிரெண்டன் ஷாபை முதல் சுற்றிலேயே சாய்த்திருக்கிறார், ஊரே ஆடியதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். 2015 வரை இழுத்து, கடைசிச் சண்டையிலும் ரியோவிலேயே தோற்று, முப்பத்தொன்பது வயதில் விலகினார்.

ஆனால் பயிற்சி கொடுப்பதில் ஆள் கெட்டி. தான் உச்சத்தில் இருந்தபோதே மற்றவர்களைத் தூக்கிவிட்டிருக்கிறார். யு.எஃப்.சி.யில் சாம்பியனாக இருந்த ஆண்டர்சன் சில்வாவுக்கு ஜியு-ஜித்சுவில் கறுப்பு பெல்ட் கட்டியது இவர். 2011இல் ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஜூனியர் டோஸ் சான்டோஸ் இவர் கூடத்தில் பயிற்சி எடுத்தவர். டிவியில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அண்ணன் தம்பி பெயரில் ஓர் அமைப்பும் நடக்கிறது. தருண் போவது அவருடைய கூடம் இல்லை, எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன மாடி. பாய் விரித்திருக்கிறார்கள், மின்விசிறி ஒன்று சத்தம் போடுகிறது, அவ்வளவுதான்.

டிசம்பரில் நீங்கள் வருவதாகச் சொன்னதில் மாற்றம் இல்லையே? அம்மாவிடம் சொல்லி வத்தக்குழம்புப் பொடி நிறைய அரைத்து வையுங்கள். இங்கே எதைப் போட்டாலும் அந்த ருசி வரவில்லை. அப்புறம், உங்களைப் பற்றி மாஸ்டரிடம் சொன்னேன். மண்ணில் மல்யுத்தம் செய்தவரா என்று ஆச்சரியப்பட்டார். கோதா மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் எந்த அளவில் கலப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை கிளறுவார்கள் என்று விடாமல் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? நீங்களே விவரமாக எழுதி அனுப்புங்கள், நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
கயல்