ஹெட் நட்டைக் கைக்கணக்கில் முறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைக் எஞ்சின் வேலை பார்க்கிற தம்பிமார்களும் வண்டியை வேலைக்கு விடுகிறவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் என் பழைய வண்டியை எஞ்சின் இறக்கி, ரீபோர் அடித்து (சிலிண்டரை உள்ளே கடைந்து), புது பிஸ்டன், புது கேஸ்கெட் எல்லாம் போட்டு வாங்கினேன். மூன்றே வாரம். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்குப் போகும்போது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே புஸ்புஸ் என்று சத்தம், காலெல்லாம் ஆயில். பிரித்துப் பார்த்தால் ஹெட்டைப் பிடித்து நிறுத்துகிற நாலு ஸ்டட்டில் (இரண்டு முனையிலும் மரையுள்ள கம்பி) ஒன்று இழுபட்டு ஒல்லியாகிக் கிடக்கிறது. பார்க்காமலேயே பழையதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

பழையதைப் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி மயிரிழை நீளும், அந்த இழுப்புதான் ஹெட்டை அமுக்கிப் பிடிக்கிறது. அளவோடு நீண்டது கழற்றியதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும், மறுபடி போடலாம். அளவு மீறியது திரும்பாது. இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம், மரையைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு புது நட்டை விரலாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், நடுவில் எங்கேயாவது பிடித்தால் அந்த ஸ்டட் வேண்டாம். மரையில்லாத இடத்தை வெர்னியர் அளவுகோலில் நாலைந்து இடம் அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. மேனுவலில் புதுசுதான் போட வேண்டும் என்றிருந்தால் அப்புறம் பேச்சே இல்லை.

நம்ம மாவட்டத்தில் உப்புக்காற்று வேறு. குளச்சல், முட்டம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் மரையில் துரு ஏறிவிடுகிறது. முறுக்குகிற பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது, மீதியெல்லாம் உரசலிலேயே போகிறது என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. துருவோடு முறுக்கினால், வைத்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லிவிடும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. மேனுவல் சொல்லாத இடத்தில் ஆயில் விட்டால் நேர் எதிர், அதே அளவுக்கு முறுக்கினாலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும். போல்ட் இறங்குகிற குழி அடி மூடியதாக இருந்து அதில் ஆயில் தேங்கியிருந்தால் அலுமினியம் விரிசல் விடக்கூட வாய்ப்புண்டு. எஞ்சின் ஆறியபிறகு, மூலைக்கு மூலை மாற்றி, இரண்டு மூன்று தடவையாக முறுக்க வேண்டும்.

"கைக்கே தெரியும் அண்ணே" என்றார் அந்த மெக்கானிக். முப்பது வருஷ வேலைக்காரர், அவர் கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் நாலு நட்டையும் ஒரே அளவில் முறுக்க எந்தக் கையாலும் முடியாது.

நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சின்ன ஒர்க்‌ஷாப்காரர்களைக் கூப்பிட்டு இந்த ஒரு வேலையை மட்டும் செய்து காட்டினால் நல்லது. ஒல்லியான அந்த ஸ்டட்டை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன்.

— வாசகர், தக்கலை